இருநூற்று மூன்று கையெழுத்துகள்

வெர்னா ராட்டியோ இருபத்திரண்டு வருடங்களாக டார்வில் பள்ளத்தாக்கில் ஏழாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். காலை ஆறு பத்துக்குக் கிளப்புவார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு முறை ஹாரன், பிறகு ஒரு நிமிடம். அதற்குள் பிள்ளை ஏறாவிட்டால் வண்டி போய்விடும். ஏழாம் வகுப்பில் நான் அப்படி நான்கு முறை விடப்பட்டிருக்கிறேன். ஒரு தடவை பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனார். மறுநாள் சண்டைக்குப் போனேன். "உனக்காக இங்க ஒரு நிமிஷம் நின்னா, கடைசி ஸ்டாப்ல ஆறு வயசுப் புள்ள மழையில ஒரு நிமிஷம் கூடுதலா நிக்கணும். போய் உக்காரு," என்றார்.

எட்டு வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் போன அக்டோபரில் நான் ஊர் திரும்பியபோது அவர் பஸ்ஸில் இல்லை. பள்ளி வாசலில், தகர டிரம்மில் விறகு எரித்து, கையில் பலகையோடு நின்றுகொண்டிருந்தார். பஸ் ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என்று முப்பத்தொரு பேர் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

"வந்துட்டியாடி ஊர்சுத்தி? எந்த நாடும் உன்ன வெச்சுக்க மாட்டேன்னுடுச்சா?" என்றார் வெர்னா. அறுபத்தொரு வயது. மரம் வெட்டுகிறவரின் மகள் என்பதைத் தோள்கள் சொல்லும்.

விவகாரம் இதுதான். பள்ளி வாரியத்தில் ஐந்து உறுப்பினர்கள். அதில் மூன்று பேர் சேர்ந்து, பேருந்துகளை வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்க வாக்களித்துவிட்டார்கள். வேண்டுமானால் ஓட்டுநர்கள் அந்த நிறுவனத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் மருத்துவக் காப்பீடு கிடையாது. வெர்னாவின் கணவர் ஐனோவுக்கு இதயத்தில் இரண்டு முறை கத்தி வைத்தாயிற்று. அந்தக் காப்பீட்டில்தான் அவர் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

வாரியத் தலைவர் டேல் டாலிவர் மோட்டார் ரம்பக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வெர்னாவும் சொல்வார். மூன்று வருடத்துக்கு முன் டேல் தேர்தலில் நின்றபோது, நாற்பது வீட்டு வாசல்களில் அவருக்கு வாக்குக் கேட்டுப் பலகை நட்டது வெர்னாதான். பேருந்துகளைக் கைவிட மாட்டேன் என்று டேல் அப்போது கையடித்துச் சொல்லியிருந்தார்.

அக்டோபர் மாத வாரியக் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். டேல் தன் முன்னால் முட்டை அவிக்கும்போது வைக்கிற சின்னக் கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெர்னாவின் முறை வந்தது.

"டேல், போன செவ்வாக்கிழமை உங்க புது கம்பெனி ஓட்டுநர் ரெண்டு ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்கள மில் பாலத்துல எறக்கி விட்டுட்டுப் போயிருக்கான். அதுங்க வீடு ஓடைப் பாலத்துகிட்ட. நாலு மைல் தள்ளி."

"அது விசாரணையில இருக்கு வெர்னா."

"விசாரிக்க என்ன இருக்கு? மழை கொட்டுது. மரலாரிக்காரன் ஒருத்தன் பாத்து ஏத்திக்கிட்டு வந்தான். அவன் வராம இருந்திருந்தா?"

"வெளியூர்க்காரர், பாதை பழகலை. பழகிடுவாரு."

"புள்ளைங்கள வெச்சா பழகுறது?"

கடிகாரம் கிணுகிணுத்தது. டேல் அதை அமுக்கினார். "உங்க மூணு நிமிஷம் முடிஞ்சிடுச்சுங்க."

"சரி," என்றார் வெர்னா. "உன்னோட மூணு வருஷமும் முடிஞ்சுதுன்னு வெச்சுக்க. உனக்குப் பலகை நட்டவ நான். புடுங்கப் போறவளும் நான்தான்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெர்னா சிரிக்கவில்லை. அடுத்த நாளே எங்கள் மாவட்டமான கவுண்டியின் தேர்தல் அலுவலகத்துக்குப் போய், அந்த மூன்று உறுப்பினர்களையும் திரும்ப அழைக்கும் மனுவுக்கான தாள்களை வாங்கி வந்தார்.

தேர்ந்தெடுத்தவர்களே பாதியில் இறக்கலாம் என்று எங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. வாக்காளர்கள் ஐநூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டால் ஊர் முழுவதும் வாக்கெடுப்பு நடக்கும். கெடு தொண்ணூறு நாள். ஒருவர் குறைந்தாலும் ஒன்றுமில்லை.

கால்பந்து மைதானத்தின் ஓரத்தில், முன்னாள் படைவீரர் மன்றத்தின் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், மளிகைக் கடை வாசலில் எல்லாம் வெர்னா மனுத்தாள் செருகிய அட்டையும் பேனாவுமாக நின்றார். தயங்குகிறவர்களைக் கெஞ்ச மாட்டார். "பேனா நல்லாத்தான் எழுதுது. உன் கைக்குத்தான் என்னமோ ஆயிருக்கு," என்பார். டேலைத் திட்டி யாராவது ஆரம்பித்தால், "திட்டறதுக்கு இதுல கட்டம் இல்ல. பேரு, கையெழுத்து, விலாசம், தேதி. அவ்வளவுதான்," என்பார். எண்பத்து நான்கு நாளில் அறுநூற்றுப் பதினோரு கையெழுத்து சேர்ந்தது. எல்லோரும் கைகொடுத்துக்கொண்டோம். வேலையில்லாமல் வீட்டில் இருந்த நானும் முப்பது நாற்பது கையெழுத்து வாங்கிக் கொடுத்திருந்தேன். முன்கூட்டியே சரிபார்த்துவிடலாம் என்று வெர்னா தாள்களை அலுவலகத்தில் கொடுத்தார்.

எண்பத்தாறாம் நாள், திங்கட்கிழமை, தேர்தல் அலுவலர் ஜாய்ஸ் இம்ஹாஃப் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"உக்காருங்க வெர்னா."

"நின்னாலும் காது கேக்கும். சொல்லு."

"இருநூத்தி மூணு வரி செல்லாது."

"கள்ளக் கையெழுத்தா? யாரு போட்டது?"

"ஐயோ, இல்ல. எல்லாம் நெசமான ஆளுங்க. விலாசந்தான் தப்பு. பாருங்க. அஞ்சல் பெட்டி நாப்பத்திரண்டு. அஞ்சல் பெட்டி முந்நூத்திப் பதினொண்ணு. சட்டம் கேக்கறது குடியிருக்கிற வீட்டு விலாசம். பெட்டிக்குள்ள யாரும் குடியிருக்க முடியாதே."

வெர்னா குனிந்து தாளைப் பார்த்தார். முதல் தாள், முதல் வரி. சிவப்பு மையில் அடிபட்ட முதல் பெயர் அவருடையதுதான். அஞ்சல் பெட்டி இருபத்தேழு.

ஊருக்குள் தெருவும் கதவு எண்ணும் உண்டு. தபால்காரர் வீட்டுக்கு வருவார். ஆற்றின் மேல்பக்கம் அப்படியில்லை. மளிகைக் கடைக்கு அப்பால் தபால் போனதேயில்லை. ஆளுக்கொரு பெட்டி தபால் நிலையத்தில் இருக்கும். விலாசம் கேட்டால் அந்தப் பெட்டி எண்தான் வாயில் வரும். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். எங்கள் வீடும் மேல்பக்கம்தான். பதினோரு நாட்டின் குடியேற்றப் படிவங்களில் நான் 'அஞ்சல் பெட்டி நூற்றுப் பதினெட்டு, டார்வில்' என்று எழுதியிருக்கிறேன். எந்த நாடும் திருப்பி அனுப்பவில்லை. என் ஊர் கவுண்டி அலுவலகம்தான் அனுப்பியது.

"இதெல்லாம் யாரு வீடுன்னு உனக்கே தெரியும் ஜாய்ஸ். என் வீட்டுக்கு நீ வந்து சாப்பிட்டிருக்க," என்றார் வெர்னா.

"தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சத வெச்சு நான் எழுதக் கூடாது. அவங்களே திரும்ப எழுதிக் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு." ஜாய்ஸ் தாள்களை அடுக்கி நகர்த்தி, "வருத்தமா இருக்கு வெர்னா," என்றார்.

"வருத்தத்த வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வை. புதுத் தாள் இருபது குடு."

செல்லுபடியானவை நானூற்று எட்டு. இன்னும் நூற்று முப்பத்திரண்டு வேண்டும். கையில் இருப்பது நான்கு நாள்.

மாலையில் வெர்னா வீட்டுச் சமையல்கட்டில் கூடினோம். மூன்றாம் எண் பேருந்தை ஓட்டும் கர்ட் மேப்ரி வந்திருந்தார். விவரம் கேட்டதும் அவர் முகம் பிரகாசமானது.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க? மேல்பக்கத்துல ஒவ்வொரு வீடும் உனக்கு அத்துபடி. நாமளே புதுத் தாள்ல எழுதிடுவோம். அவங்க ஏற்கெனவே போட்டதுதான? மனசு மாறியா போச்சு?"

"கர்ட், நீ ஓட்டுற பஸ்ஸுல ஆளில்லாத சீட்டுக்கு ஆஜர் போடுவியா?"

"அது வேற, இது வேற."

"ஒண்ணுதான். புள்ள ஏறுச்சுன்னு எழுதினா புள்ள ஏறியிருக்கணும். நாளைக்கு ஒரு வரி பொய்யின்னு தெரிஞ்சா மிச்ச நானூத்தி எட்டும் நாறிப் போகும். டேல் கையில நானே கோடாலியக் குடுத்த மாதிரி ஆயிடும்."

"அப்ப நாலு நாள்ல இருநூறு வீட்டுக்கு எப்படிப் போவ? பாதிப் பேர் விடியறதுக்கு முன்னாடி மரம் வெட்டப் போயிடறான், மீதிப் பேர் எந்த சந்துல இருக்கான்னே தெரியாது."

"உனக்குத் தெரியாது," என்றார் வெர்னா.

ஆனால் அவருக்கும் முதலில் தெரியவில்லை. நான் அகர வரிசையில் பெயர்களை வாசிக்க, அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். ஆளின் முகம் வருகிறது, வீடு வரவில்லை. பத்துப் பெயர் ஆனதும் எரிச்சலாகிப் பட்டியலைப் பிடுங்கினார். ஒவ்வொரு பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னார். பிறகு கண்ணை மூடி, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோலக் கைகளை மேசை மேல் வைத்துக்கொண்டார்.

"மொத ஸ்டாப்பு, பழைய எடைமேடை. அங்க மூணு வீடு. ரெண்டாவது, நாய் தொரத்துற வீடு. மூணாவது, மதகு தாண்டி இடது பக்கம், நீலத் தகரம்…" என்று ஆரம்பித்தார். அப்புறம் நிற்கவேயில்லை. ஐம்பத்தெட்டு நிறுத்தங்கள். எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்கு விளக்குப் போடுவார்கள், யார் இரவுப் பணி முடிந்து எட்டு மணிக்குத் திரும்புவார்கள், எல்லாம் வந்தது. இரண்டு மணி நேரத்தில் மேசை மேல் இருநூற்று மூன்று சீட்டுகளும் ஒரு பாம்புபோல வளைந்து கிடந்தன. ஐனோ காபிக் கோப்பையை வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"ஏழாம் நம்பர் ரூட்டத்தான் நாளைக்கு ஓட்டப் போற," என்றார் அவர்.

"ஆமா. பஸ்தான் இல்ல."

செவ்வாய் காலை ஆறு பத்துக்கு வெர்னா தன் பிக்கப் வண்டியைக் கிளப்பினார். நான் பக்கத்தில் அட்டையும் தாளுமாக உட்கார்ந்தேன். ஓட்டட்டுமா என்று கேட்டேன். அவர் கியரைப் போட்டார். முதல் நிறுத்தத்தில் இரண்டு முறை ஹாரன் அடித்தார். கதவு திறந்து, காலுறையோடு ஒரு ஆள் ஓடி வந்தார். மரலாரி ஓட்டும் லானி புரூயிட். ஒரு காலத்தில் அவரும் ஏழாம் எண் பஸ்ஸில் போனவர்தான். ஹாரன் சத்தத்துக்குக் கால் தானாக ஓடி வந்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

"பெட்டி நம்பர் செல்லாதாம். வீட்டு நம்பரப் போட்டுத் திரும்பக் கையெழுத்துப் போடு."

"என் வீட்டு நம்பரா? எனக்கு எப்படித் தெரியும்? நான் இங்கதான இருக்கேன்!"

"இருக்கறவனுக்குத்தான்டா தெரிஞ்சிருக்கணும்."

"எனக்கு நானே லெட்டர் போட்டுக்கவா போறேன்?"

தீயணைப்பு வண்டிக்காகக் கவுண்டி ஒவ்வொரு வீட்டுப் பாதை முனையிலும் நட்ட பச்சைத் தகடு ஒன்று உண்டு. அதில் எண் இருக்கும். எங்கள் மழைக்கு அதன் மேல் விரல் கனத்துக்குப் பாசி படிந்திருந்தது. வெர்னா இறங்கி, வண்டிக் கண்ணாடியில் பனி சுரண்டுகிற தகட்டால் சுரண்டினார். எண் வெளிப்பட்டது. நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு. லானி அதை ஏதோ அயலூர்க்காரர் பெயரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இவ்வளவு பெருசா?" என்றபடி எழுதினார்.

அன்று முழுக்க அதே வேலை. ஹாரன், பாசி, கையெழுத்து. பன்னிரண்டாவது வீட்டிலிருந்து சுரண்டுவது என் வேலையாயிற்று. நகக்கண்ணெல்லாம் பச்சை. முதல் நாள் முப்பத்தாறு கிடைத்தது.

புதன்கிழமை ராய் ஹாஸ்கெல் வீட்டில் சறுக்கியது. மனுவில் பத்தாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் அவர். இந்த முறை பேனாவை வாங்கவில்லை.

"வெர்னா, நான் வேணாம்னு பாக்கறேன். என் கொட்டகை எரிஞ்சப்போ மொதல்ல தண்ணி டேங்கோட வந்தவன் டேல்தான். அன்னைக்கு மீன் விருந்துல எல்லாரும் போட்டாங்களேன்னு போட்டுட்டேன். வீட்டுக்கு வந்ததுலேருந்து உறுத்துது."

நான் வாயெடுக்கும்முன் வெர்னா அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "உறுத்துனா போடாத ராய். ஆனா ஓட்டுப் போட வா. எந்தப் பக்கம் வேணாலும் போடு." வண்டியில் ஏறிய பிறகு, "இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாமே," என்றேன். "எதுக்கு? அவனும் டேலும் நாப்பது வருஷமா வேட்டைக்குப் போறவங்க. நான் என்ன அந்தக் கொட்டகைய அணைச்சேனா?" என்றார்.

ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் மரிசோல் அகுவாயோ வீடு. காட்டில் பெரணி இலையும் பச்சைத் தழையும் அறுத்துப் பூக்கடைகளுக்கு அனுப்புகிறவள். பாலம் மாறி இறக்கிவிடப்பட்ட இரண்டு பிள்ளைகளில் ஒன்று அவள் மகள். ஹாரன் கேட்டு வாசலுக்கு வந்தாள்.

"உன் பேரு லிஸ்ட்ல இல்ல. தெரியும்," என்றார் வெர்னா. "ரூட்டுல வர்ற வீடு. தாண்டிப் போக மனசு வரல."

"எனக்கு ஓட்டு இல்லையே வெர்னா. குடியுரிமை வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்." மரிசோல் உள்ளே போய், சோள மாவில் பன்றியிறைச்சி வைத்து இலையில் மடித்து அவித்த தமாலே ஒரு பொட்டலம் கொண்டு வந்தாள். "கையெழுத்துதான் போட முடியாது. நீங்க ரெண்டு பேரும் பட்டினி கெடக்காம பாத்துக்க முடியும். மேல ரெட்மன் அண்ணங்க ரெண்டு பேரும் என்கூடத்தான் தழை அறுக்கறாங்க. அவங்களுக்கு ஓட்டு இருக்கு, கையெழுத்து இன்னும் போடல. பத்தாவது மைல் வெட்டுக்காட்டுல நிப்பாங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ரெட்மன் சகோதரர்கள் போட்டார்கள். அவர்களோடு நின்ற இன்னும் நால்வரும் போட்டார்கள்.

வியாழக்கிழமை மேல்பாதையில் மரம் விழுந்து அடைத்துக்கொண்டது. வெர்னா பின்னாலிருந்து மோட்டார் ரம்பத்தை எடுத்து முக்கால் மணி நேரம் அறுத்தார். எதிர்ப்பக்கம் நின்ற மூன்று வண்டிக்காரர்களும் இறங்கி வந்து கட்டைகளை உருட்டினார்கள். வேலை முடிந்ததும் வெர்னா ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அட்டையை நீட்டினார். மூவரில் ஒருவர் இதுவரை மனுவில் கையெழுத்துப் போடாதவர். "சும்மா விட மாட்டீங்களா?" என்றார் அவர். "வழிய விட்டேன்ல?" என்றார் வெர்னா. அவரும் போட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஐம்பத்தெட்டாவது நிறுத்தத்தில் எண்ணிப் பார்த்தோம். நூற்று நாற்பது. வேண்டியது நூற்று முப்பத்திரண்டு. எட்டுதான் உபரி. நாலு இருபதுக்கு ஜாய்ஸின் மேசையில் தாள்கள் இருந்தன. அவர் முத்திரை குத்தும்போது, வெர்னாவின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். அந்த அலுவலகத்தில் முதல் முறையாக அவர் உட்கார்ந்தார்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. நான் அப்போது அவர் சமையல்கட்டில் இருந்தேன். புதியவற்றில் ஐந்து செல்லவில்லை. மொத்தம் ஐநூற்று நாற்பத்து மூன்று. மூன்று கையெழுத்தில் வாக்கெடுப்பு உறுதியானது. ஐனோ எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். வெர்னா அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, மேலங்கியை எடுத்து மாட்டினார்.

"எங்க போறீங்க?"

"டேல் கடைக்கு. பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி அவன் என்கிட்டேருந்து கேக்கணும். வர்றதுன்னா வா."

கடையில் டேல் ஒரு ரம்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்தார்.

"ஐநூத்தி நாப்பத்தி மூணு," என்றார் வெர்னா. "ஜாய்ஸ் இப்பதான் சொன்னா. பிப்ரவரியில ஓட்டு."

டேல் கை துடைத்த துணியை மேசையில் போட்டார். "வீடு வீடாப் போய்ப் பாசி சுரண்டினீங்களாமே," என்றார் பிறகு.

"ஆமா."

"நான் தப்பானவன் இல்ல வெர்னா. பட்ஜெட்ல ஓட்டை. வேற எங்க வெட்டறதுன்னு எனக்குத் தெரியல."

"தெரியலன்னு அன்னைக்குச் சொல்லியிருந்தா எல்லாரும் உக்காந்து யோசிச்சிருப்போம். நீ கடிகாரத்தத்தான் திருகின."

அவர் தலையைக் குனிந்து திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டார். கேட்பதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. கேட்டுவிட்டார்.

"கொலீன் போட்டாளா?"

கொலீன் அவர் மனைவி. பள்ளிச் சமையலறையில் பத்து வருடம் வேலை பார்த்தவள்.

"மனு அலுவலகத்துல இருக்கு. யார் வேணாலும் போய்ப் பாக்கலாம், சட்டம் அப்படி," என்றார் வெர்னா. "போய்ப் பாத்துக்க. இல்லன்னா வீட்டுக்குப் போய் அவளையே கேளு. என் வாயிலேருந்து ஒரு பேரு வராது. அஞ்சு வயசுலேருந்து என் பஸ்ஸுல ஏறுன எவன் எவன் பின் சீட்டுல அழுதான்னுகூட நான் யாருக்கும் சொன்னதில்ல."

டேல் அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை என்று ஜாய்ஸ் சொன்னார். வீட்டில் கேட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாள்களை நான்கு நாள் மடியில் வைத்திருந்தவள் நான். நானும் சொல்லப் போவதில்லை.

மூவரில் ஒருவர் வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்தார். பிப்ரவரியில் டேல் அறுபத்தொரு வாக்கில் பதவியிழந்தார். மூன்றாமவர் ஒன்பது வாக்கில் தப்பித்துக்கொண்டு இன்றும் வாரியத்தில் இருக்கிறார்; கடைத்தெருவில் வெர்னாவைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். புதிய வாரியம் மார்ச் மாதம் ஒப்பந்தத்தை மேசையில் வைத்தது. பேருந்துகள் ஊரிடமே இருக்கும். காப்பீடும் இருக்கும், ஆனால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் ஒரு வருடம் கிடையாது. இருபத்து நான்கு பேர் சம்மதம் என்றார்கள், ஏழு பேர் மறுத்தார்கள். மறுத்த ஏழு பேரில் வெர்னாவும் ஒருவர்.

"உங்க காப்பீடுதான் காப்பாத்தியாச்சே. எதுக்கு எதிர்த்தீங்க?" என்று கேட்டேன்.

"நாளைக்கு வர்றவளுக்கு ஐனோ மாதிரி ஒரு வீட்டுக்காரன் இருந்தா? ஒரு வருஷம் அவன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? அடுத்த ஒப்பந்தம் ரெண்டு வருஷத்துல. அப்ப இதையும் கேக்கணும்னு எழுதி வெச்சுக்கறேன்."

ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் காலை ஆறு பத்துக்கு ஏழாம் எண் பேருந்து கிளம்பியது. பதினான்காவது நிறுத்தத்தில் ஒரு பையன் ஒன்றரை நிமிடம் தாமதமாக வந்தான். ஐந்து மாதம் கழித்து வெர்னா ஓட்டிவருகிற பஸ், இன்றைக்காவது நிற்கும் என்று நினைத்திருப்பான். நிற்கவில்லை.